ரத்தம்தான் எடுத்தாங்களே

ஒரு வீட்டின் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால் அதன் தரையிலும் கட்டிலிலும் வெள்ளைத் துணியை விரித்து, ஜன்னலைச் சாத்தி, கொசு மருந்தை அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். கொசு விழுவது இருக்கட்டும். கரப்பான், எட்டுக்கால் பூச்சி, பல்லிக்குஞ்சு, என்றைக்கோ கூரையில் ஒட்டிய ஒட்டடை, எலிப்புழுக்கை எல்லாம் பளிச்சென்று வெள்ளையில் வந்து உட்காரும். தெரு மொத்தமும் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். "அய்யய்யே, இவ்வளவா!" என்று மூக்கைப் பொத்தும். அடுத்தது தன் வீடு என்று ஞாபகம் வந்ததும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொள்ளும்.

இப்படித் துணி விரித்துக் கொசு பிடித்து, ஆளுக்கொரு சொட்டு ரத்தமும் எடுக்கிற மலேரியா ஆராய்ச்சி அந்தத் தெருவுக்கு வந்தபோது முதலில் ஒரு வீடும் கதவைத் திறக்கவில்லை. ஜனங்களுக்கு ரத்தம் கொடுக்கப் பயம், மூட நம்பிக்கை என்று மேலே இருந்தவர்கள் தாங்களாகவே முடிவு கட்டி, அதைப் போக்க வண்ணப் படங்கள் அச்சடித்து அனுப்பினார்கள். பயமாவது மண்ணாவது. விரல் நுனியில் ஒரு சொட்டுக்கு யார் பயந்தார்கள்? வெள்ளைத் துணிக்குத்தான் பயந்தார்கள். தெருவுக்குப் பின்னால் கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் பச்சையாக நின்று, மழைக்கு மழை காய்ச்சலைக் கொண்டுவந்தது. காய்ச்சல் ஊருக்கே வருவது, அதில் வெட்கமில்லை. கரப்பான் அவரவர் வீட்டுக்கு வருவது.

கதவுகளைத் திறக்க வைப்பது கொசுவின் வேலை. கொசு என்பது அந்தத் தெருவில் பட்டறை வைத்திருந்த வெல்டரின் தங்கச்சி. அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'சமூகப் பங்கேற்புப் பணியாளர்' என்று நீளமாக எழுதியிருந்தது. அதை வாய் வலிக்க யார் சொல்லிக்கொண்டிருப்பது? தெரு அவளைக் கொசு என்றது. சின்னதுகள் கொசு அக்கா என்றன. "நானாவது சொல்லிட்டுத்தான் கடிக்கிறேன்" என்று அவளும் சிரித்துக்கொண்டே வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். அது வீடென்று சொன்னால் வீடு: ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் தகரம் போட்ட நீட்டலில் வெல்டரின் பட்டறை. வருஷக்கணக்காக நெருப்புப் பொறியைப் பார்த்துப் பார்த்து வெல்டரின் இடது கண்ணில் எப்போதும் நீர் வடிந்தது. பற்றவைத்த இடம் கோணலாக நிற்கவே, வந்த ஜன்னல் கம்பி வேலையெல்லாம் அடுத்த தெருப் பட்டறைக்குப் போயிற்று. உலையில் அரிசி விழுந்தது கொசுவின் சம்பளத்தில்தான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் சொல்வதில்லை. வெல்டருக்கு மட்டும் அது தொண்டையில் நின்ற முள்.

வெல்டரின் மனைவி கொசுவுக்கு அண்ணி. நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம். துடைத்த தரையையே மறுபடி துடைக்கிற பெண்பிள்ளை. அவள்தான் அந்தத் தெருவில் கடைசிவரை முரண்டு பிடித்தாள்.

"ஊர்ல எல்லா வீட்டையும் விரிச்சுக் காட்டு. என் வீட்ட மட்டும் விட்டுரு. பரண்ல என்ன கிடக்குன்னு எனக்கே தெரியாது."

"அண்ணி, சொந்த வீட்டத் திறக்க வைக்க முடியலன்னா மத்தவங்கள எப்படித் திறக்கச் சொல்றது? ஊருக்குத்தான்டி உபதேசம்னு சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். என் வீட்டுப் பூச்சிய எண்ணிச் சிரிக்கிறதுக்கு அது தேவல."

"பூச்சிக்காக மட்டுமா வர்றாங்க? எல்லாருக்கும் ரத்தமும் எடுக்கிறாங்க. நம்ம வாண்டுக்கும் எடுப்பாங்க. ஏதாவது இருந்தா சொல்லிடுவோம்."

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். வாண்டு அவளுடைய ஒரே பெண். இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயசு. ஒரு இடத்தில் நிற்காது, வாய் ஓயாது.

"நிஜமா சொல்லிடுவீங்களா?"

"பின்ன? எடுத்துட்டுப் போய் அத என்ன பண்ணப் போறாங்க, ஊறுகாயா போடப் போறாங்க?"

ஆபீசில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் இந்தப் பேச்சு கிடையாது. காகிதத்தில் இருந்தது வேறு. 'இது ஆராய்ச்சி. இது மருத்துவப் பரிசோதனை அல்ல. நீங்கள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.' இதையும் கொசு ஒவ்வொரு வாசலிலும் ஒப்பித்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்கிற வேகத்தில் ஒப்பித்தாள். முடித்ததும் காகிதத்தை மடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏதாவது இருந்தா சொல்லிடுவோம்" என்பாள். அதில்தான் கதவு திறந்தது. தன் பிள்ளையின் உடம்பில் என்ன ஓடுகிறது என்று யாரோ பார்த்துச் சொல்வார்கள் என்றால், கரப்பான் விழுந்தால் விழட்டும் என்று நினைக்காத தாய் எங்கே இருக்கிறாள்?

அண்ணி வீட்டுத் துணியில் காய்ந்த எலி ஒன்று விழுந்தது. பரணிலிருந்து மருந்து வாடைக்குத் தப்பி ஓடிய பல்லி, அதை இழுத்துத் தள்ளிவிட்டதோ என்னவோ, துணியின் நட்ட நடுவில் வந்து விழுந்தது. வாசலில் ஒருத்தி "உவ்வே" என்றாள். அண்ணி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பூச்சி பொறுக்குகிற ஆள் எலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, இடுக்கியால் ஒரு கொசுவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். வயிறு சிவந்து உப்பியிருந்தது.

"நல்லா குடிச்சிருக்கு" என்றான், பாராட்டுகிறவன் போல.

"யார் ரத்தம்?" என்று கேட்டாள் அண்ணி.

"அது லேபுக்குத்தான் தெரியும்."

வாண்டின் விரலைக் குத்தி, காகித அட்டையில் அச்சடித்திருந்த வட்டங்களில் ரத்தத்தை ஒற்றி எடுத்தார்கள். அது தெருமுனை வரை கேட்கிற மாதிரி அழுது, அவர்கள் கொடுத்த பென்சிலை அவர்கள் மேலேயே வீசிற்று.

ஆபீசில் இதற்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார். எதைச் சொன்னாலும் "பரவால்ல" என்று சிரிப்பார், ஆகவே பரவால்ல சார். கோபப்பட்டதே இல்லை. கோபப்படாத மனிதர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அவர் கொசுவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் மெச்சினார்.

"மத்த தெருவுல பாதி வீடு மாட்டேங்குது. உங்க தெருவுல ஒரு வீடு கூட இல்லையேம்மா. அப்படி என்னதான் சொல்றீங்க?"

"நீங்க எழுதிக் கொடுத்ததத்தான் சார்."

"பரவால்ல, பரவால்ல" என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. தோண்டினால் என்ன வரும் என்று அறிந்தவர்கள் தோண்ட மாட்டார்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. உடனே ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. கூடம் வெள்ளையடிக்கப்பட்டது. நாற்காலிக்கு உறை வந்தது. விழிப்புணர்வு நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. கொசு வேஷம் யாருக்கு? அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வெள்ளைத் தாளில் கம்பி கட்டி இறக்கை, கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி மூக்கு, முகத்தில் கரி. தினமும் ஒத்திகை. பரவால்ல சார் உட்கார்ந்து பார்த்து, "கடிக்கிறப்ப இன்னும் கொஞ்சம் ஜாலியா கடிங்கம்மா" என்றார்.

அப்படி ஒரு ஒத்திகை முடிந்து, மூக்கில் பசை காய்ந்த தோலை உரித்துக்கொண்டே கொசு வீட்டுக்கு வந்தபோது அண்ணி சொன்னாள்:

"வாண்டுக்கு உடம்பு சுடுது."

கொசு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. "சளி இருக்கா? இருமுறாளா?"

"ஒண்ணுமில்ல. சோறு வேணாங்குறா. பேசாம படுத்துக் கிடக்கா."

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா அண்ணி?"

"அதான் ரத்தம் எடுத்தாங்களே, வேலையத்துப் போய் மறுபடியும் குத்தணுமா? அன்னைக்கு அழுத அழுகைய நீ பார்க்கலயா? ஏதாவது இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

"ஆமால்ல" என்றாள் கொசு.

ஊரை ஏமாற்றத் தெரிந்தவள் சொன்ன பதில் இல்லை அது. அவள் நிஜமாகவே நம்பினாள். வாசல் வாசலாக நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, அது அவளுக்கே உண்மையாகிவிட்டிருந்தது. காகிதத்தில் இருந்ததைத்தான் அவள் ஒப்பித்தாள், காதில் வாங்கவில்லை. சொந்தமாகச் சேர்த்ததையோ மனசில் வைத்திருந்தாள். எடுத்த ரத்தத்தை யாரோ எங்கேயோ கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்திருப்பார்கள், ஒன்றுமில்லை என்பதால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று, தெருவில் ஒவ்வொரு தாயும் நினைத்த மாதிரியே, அவளும் நினைத்தாள்.

மருந்துக் கடையில் காய்ச்சல் மருந்து வாங்கி ஊற்றினார்கள். காலையில் உடம்பு ஜில்லென்று ஆகி, வாண்டு எழுந்து ரொட்டி கேட்டது. "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்றாள் அண்ணி. மலேரியாவின் அயோக்கியத்தனமே அதுதான், இடையில் ஒரு நாள் சிரிக்க விடும். மறுபடி சுட்டது. மறுபடி மருந்து ஊற்றினார்கள்.

விருந்தாளிகள் வந்த அன்று காலையில் கொசு கிளம்பும்போது வாண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். கூடம் நிறையப் பெண்களை அழைத்துப் போய் உட்கார வைத்தாள். இறக்கையைக் கட்டிக்கொண்டு மேடையில் ஆடினாள், ஜாலியாகக் கடித்தாள். கடைசியில் எல்லோரும் எழுந்து கை தட்டிச் சொல்ல வேண்டிய வாசகம்: 'காய்ச்சலா? காத்திருக்காதே! உடனே போ, ரத்தம் பார்!' கூடமே கத்திற்று. விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கொசுவின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம் எடுக்கிற நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, "ஏம்மா கொசு, உங்க வீட்டுப் பிள்ளைக்கு வெட்டு வெட்டா இழுக்குது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க" என்றார்.

இறக்கையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடினாள். முகத்துக் கரியைத் துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே குழந்தைகள் வார்டுக்குள் போய் நின்றவளைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது.

டாக்டர் சின்ன வயசுக்காரி. கோபமாகவே கேட்டாள்.

"மலேரியா மூளைக்குப் போயிருக்கு. காய்ச்சல் வந்த அன்னைக்கே ரத்தம் பார்த்திருந்தா ரெண்டு மாத்திரைல போயிருக்கும். என்ன பண்ணிட்டிருந்தீங்க இத்தன நாளா?"

"ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க டாக்டர்" என்றாள் அண்ணி. "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போனாங்க. மலேரியா ஆபீஸ்ல."

"அப்ப ரிசல்ட் எங்க?"

அண்ணி திரும்பிக் கொசுவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. ரிசல்ட்டைக் கையோடு கொண்டு வந்திருப்பாள் என்று நம்புகிற பார்வை.

கொசு திரும்ப ஆபீசுக்கு ஓடினாள். கூடத்தில் நாற்காலி உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். லேப் ஆள் டீயும் கையுமாக இருந்தான். அவள் கேட்டதும் அலமாரியைத் திறந்து காட்டினான். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றிலும் துருப்பிடித்த நிறத்தில் காய்ந்த வட்டங்கள்.

"இதெல்லாம் இன்னும் பார்க்கல. எல்லா ஊரும் எடுத்து முடிச்சப்புறம் மொத்தமா வெளியே அனுப்புவோம்."

"எப்ப?"

"மழையெல்லாம் ஓஞ்சப்புறம். ஏன், யாராவது கேக்கிறாங்களா?" என்று டீயை உறிஞ்சினான். "ட்ரெயினிங்லயே சொன்னாங்களே, நீங்க தூங்கிட்டீங்களா?"

அவள் அங்கேயே அலமாரியின் பக்கத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். காலையில் ஆபீசில் கொடுத்த டிபன் அப்படியே வந்தது. "அய்யே, இங்கயா!" என்று அவன் கட்டுகளை எட்ட எடுத்து வைத்தான்.

வாண்டு பிழைத்துக்கொண்டது. கண் திறந்தது, கஞ்சி குடித்தது, கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நோண்டிற்று. ஆனால் வாய் பேசவில்லை. அண்ணி கூப்பிட்டாள், கை தட்டினாள், தட்டில் கரண்டியால் அடித்தாள். டாக்டர் வந்து காதருகே எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கோபமில்லாமல் சொன்னாள்:

"உயிருக்கு இனிமே பயமில்ல. காதுதான் அடிபட்டிருக்கு. சில பிள்ளைங்களுக்குத் திரும்ப வரும். சில பேருக்கு வராது. பார்க்கலாம்."

வெல்டருக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. தங்கச்சி மேல் பாய முடியாது, சோறு அங்கிருந்து வருகிறது. வலிக்காமல் அடிக்கத் தோதான ஆள் பக்கத்திலேயே இருந்தாள். வார்டில் வருகிற போகிறவர்கள் காதுபட, "பெத்தவதானா நீ? பிள்ளை சுருண்டு கிடக்கிறப்ப தரையத் துடைச்சிட்டு இருந்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

டாக்டர் விடவில்லை, மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டாள். அதனால் பரவால்ல சார் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தார். கட்டிலில் பழத்தை வைத்தார், குழந்தையின் தலையைத் தடவினார், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். பிறகு கொசுவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"காகிதத்தப் படிச்சுக் காட்டினீங்கல்ல?"

"படிச்சேன் சார். ஆனா அதுக்கப்புறம்..."

"படிச்சீங்க. அது போதும்மா. உங்க அண்ணி அத வாயால சொல்லிட்டாங்கன்னா விஷயம் முடிஞ்சது. குடும்பத்து ஆளுதானே, நீங்க எடுத்துச் சொல்லுங்க. அதுதானே உங்க வேலை?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் பதிவை ஓடவிட்டு அண்ணியின் முன்னால் நீட்டினார். சொந்தக்காரப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி குரல்.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சின்னு உங்களுக்குச் சொன்னாங்களா, இல்லையா?"

அண்ணி அந்தப் போனைப் பார்த்தாள். வாசல்படியில் நின்ற கொசுவைப் பார்த்தாள். அவள் படிக்காதவள்தான், ஆனால் கேள்வி எங்கே கடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை என்றால் கொசுவின் வேலை போகும். ஆமாம் என்றால் தன் தலையில் விழும்.

"சொன்னாங்க" என்றாள். "எல்லாம் சொன்னாங்க. நான்தான் கூட்டிட்டுப் போகல."

"கேட்டீங்களா, கேட்டீங்களா எல்லாரும்!" என்று வெல்டர் துள்ளினான். "இவ வாயாலயே சொல்றா! நீயெல்லாம் ஒரு..."

"அண்ணே, நிறுத்து!" கொசு உள்ளே வந்துவிட்டாள். "அண்ணி பொய் சொல்றாங்க. நான்தான் சொன்னேன், ஏதாவது இருந்தா சொல்லிடுவோம்னு. நம்ம வீட்ல மட்டுமில்ல, தெரு பூரா சொன்னேன். அண்ணி கூட்டிட்டுப் போகாததுக்கு நான்தான் காரணம். சார், இதயும் பதிவு பண்ணுங்க."

பரவால்ல சாரின் கட்டைவிரல் அதற்கு முன்பே போனை நிறுத்திவிட்டிருந்தது.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இப்படிச் சொன்னா அது விதிமீறல்ல வரும்."

வெல்டர் அப்படியே நின்றான். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது, ஆனால் அது எப்போதும் வழிகிற நீர்தான். தங்கச்சியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் கூட எதிர்பார்த்தாள்.

"விதிமீறல்னா?" என்று கேட்டான். "வேலை போயிடுமா சார்?"

"போயிடும்."

வெல்டர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்ப அதெல்லாம் வேணாம் சார். இவ முதல்ல சொன்னதயே வெச்சுக்கோங்க."

"அண்ணே!"

"நீ சும்மா இரு. பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அடுப்பு எரிய வேணாமா? நானா எரிப்பேன்? உன் அண்ணி என்ன, ஜெயிலுக்கா போகப் போறா, ஒரு வார்த்தைதானே?"

என்ன மனுஷன் இவன், என்ன வீடு இது என்று காறித் துப்பலாம். துப்பிவிட்டுப் போக நமக்கு வேறு வீடு இருக்கிறது. கொசு பேச வாயெடுத்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கை ஜில்லென்றிருந்தது.

"என்ன சொல்லணும் சார்?" என்று கேட்டாள் அண்ணி.

"முன்ன சொன்னதேதாம்மா. அது பாதில நின்னு போச்சு." அவர் மறுபடி போனை நீட்டினார். "ஃபேன் சத்தத்துல சரியா விழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அடங்கிய பெண்ணிடம் அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது.

"எல்லாம் சொன்னாங்க! நான்தான் என் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல!"

வார்டு மொத்தமும் திடுக்கிட்டுத் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை கூட உதறிக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்த வாண்டு மட்டும் திரும்பவில்லை.